டீச்சரம்மா பக்கம்: விளையாட்டுப் படத்துக்குக் கடிவாளம் வேண்டுமா?

மழைக்காலத்து இருமலைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைக்க வேண்டியதாகிவிட்டது. காரணம், பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்ற ஒரு தாய்.

செம்பனைக்கு உரம் போடும் வேலைக்குப் போகிறவர் அவர். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என்னிடம் வந்திருந்தார். "டீச்சர், நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும். கம்ப்யூட்டர வித்துடப் போறேன்னு அவரு நிக்கிறாரு. பையன் மூணு நாளா வீட்டுல சாப்பிடல. அப்பனும் மகனும் மொகம் பாத்துப் பேசிக்கிறதில்ல" என்றார். பையன் நான் படிக்க வைத்தவன்தான். இப்போது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம்.

நடந்தது இதுதான். 2021-ல் பள்ளிக்கூடங்களை மூடி வைத்து வீட்டிலிருந்தே பாடம் படிக்கச் சொன்ன சமயத்தில், பட்டணத்துக் கடையில் ஆயிரத்து நூறு வெள்ளி கொடுத்துப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார் தகப்பனார். குலை வெட்டுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய பணம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாடம் முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. கம்ப்யூட்டரில் துப்பாக்கி ஆட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. வலோரண்ட் என்று ஒன்று, 2020 ஜூன் மாதம் வெளிவந்தது. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம், ஊர் ஊராக இருக்கிற பிள்ளைகள் இணையத்தில் கூடிச் சுட்டுக்கொள்வார்கள்.

கொஞ்ச நாளாகவே அந்தப் பெட்டி இரைந்துகொண்டிருந்ததாம். "ஏண்டா இப்படி இரையுது?" என்று அப்பா தினமும் கேட்பார். "ஒங்களுக்கு என்னாப்பா தெரியும், அது அப்படித்தான்" என்று மகன் பதில் சொல்வான். ஒரு நாள் மத்தியானம், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே 'டப்'பென்று அணைந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்துப் போட்டால் எரிகிறது. மறுபடி ஆடினால் மறுபடி அணைகிறது. "வெளாடி வெளாடிக் கருக்கிட்டான். முழுசா போறதுக்குள்ள வித்தா நானூறு வெள்ளியாவது கெடைக்கும்" என்று அப்பா தீர்மானித்துவிட்டார்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாயிடம் நான் முதலில் சொன்ன பதில், "விற்றால் விற்கட்டுமே, அடுத்த வருடம் எஸ்.பி.எம். இருக்கிறது" என்பதுதான். துப்பாக்கி ஆட்டம் என்றாலே எனக்கு ஆகாது. அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகு எனக்கே மனம் ஒப்பவில்லை. மூன்று நாள் சாப்பிடாத பையனுக்கு நான் கொடுத்த மருந்து இதுதானா? என் அண்ணன் மகன் பொலிடெக்னிக்கில் படிக்கிறவன், விடுமுறைக்கு வந்திருந்தான். அவனிடம் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "அத்தே, அவன் எப்.பி.எஸ்.ஸுக்கு எல்லை போட்டிருக்கானா, இல்ல தெறந்து விட்டிருக்கானா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களில் பலருக்கும் புரியாது. அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிச் சினிமா காட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சுருளில் ஓடியவை அசையாத படங்கள்தாம். வினாடிக்கு 24 படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதால் கதாநாயகன் நடப்பது போலத் தெரிந்தது. கம்ப்யூட்டர் ஆட்டமும் அப்படித்தான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சினிமாவில் படங்கள் முன்பே எடுத்து வைக்கப்பட்டவை. ஆட்டத்திலோ ஒவ்வொரு படத்தையும் அந்த நிமிடத்தில்தான் இயந்திரம் புதிதாக வரைகிறது. நீ எங்கே திரும்பினாய், எதிரி எங்கே ஓடினான், எல்லாவற்றையும் பார்த்து வரைய வேண்டும். வினாடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதைத்தான் பிள்ளைகள் எப்.பி.எஸ். என்கிறார்கள். வரைகிற வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு என்கிற தனி அட்டை.

அந்த அட்டைக்கு 'போதும்' என்று யாராவது சொன்னால்தான் நிற்கும். சொல்லாவிட்டால் தன்னால் முடிந்த மட்டும் வரைந்துகொண்டே இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆட்டம் தொடங்குவதற்கு முன் துப்பாக்கி, சட்டை எல்லாம் தேர்ந்தெடுக்கிற பக்கம் ஒன்று வருகிறதே, அங்கே வரைவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. சுலபமான வேலை. அதனால் அங்கேதான் நூற்றுக் கணக்கில் வரைந்து தள்ளும். பையன் எழுந்து போய் மீகோரெங் சாப்பிட்டுவிட்டு வருகிற வரைக்கும் அசையாத ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து சூடேறிக்கொண்டிருக்கும்.

இது கட்டுக்கதை இல்லை. 2010-ல் ஸ்டார்கிராப்ட் 2 என்ற ஆட்டம் வெளிவந்தபோது, அதன் தொடக்கப் பக்கங்களில் எல்லை இல்லாமல் படம் ஓடி அட்டைகள் அளவுக்கு மீறிச் சூடாகின்றன என்று புகார் கிளம்பியது. எல்லை போடும் வழியை அதைத் தயாரித்த பிளிசார்ட் நிறுவனமே சொல்லிக் கொடுத்தது. 2021 ஜூலையில் அமேசான் நிறுவனத்தின் நியூ வேர்ல்ட் ஆட்டத்தைச் சோதனைக்கு விட்டபோது, ஆர்.டி.எக்ஸ். 3090 என்ற விலை உயர்ந்த அட்டைகள் சில செத்தே போயின. விசாரித்ததில், அட்டை செய்த ஒரு கம்பெனி, ஒரு தொகுதியில் பற்றவைப்பு சரியில்லை என்று ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. குற்றம் அட்டையில்தான். ஆனாலும் அமேசான்காரர்கள் உடனே செய்த காரியம், தொடக்கப் பக்கத்துக்கு ஓர் எல்லை போட்டதுதான். இவை இரண்டும் துப்பாக்கி ஆட்டங்கள் அல்ல. அட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மறுநாள் அண்ணன் மகனை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். தகப்பனார் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர்" என்றவர் மேலே பேசவில்லை. பையன் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். அம்மாடி! விசிறியில் தூசி இலவம்பஞ்சு போல அப்பிக் கிடந்தது. செம்மண் தூசியும் வீட்டுப் பூனையின் முடியும் சேர்ந்து திரண்டிருந்தன. தகரக் கூரை வீட்டில் மத்தியானச் சூடு வேறு. நான்கு வருடமாக ஒருவரும் திறந்து பார்க்கவில்லையாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் அடிக்கிற சின்னத் தூரிகையால் துடைத்தோம். விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும், சுழல விடக் கூடாது என்று அண்ணன் மகன் சொன்னான். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பிறகு ஆட்டத்தைப் போட்டுக் காட்டச் சொன்னோம். திரையின் மூலையில் எண் ஓடியது. 190, 185, 193. மானிட்டரின் பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தால் 60 ஹெர்ட்ஸ். அதாவது அந்த மானிட்டர் வினாடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றிக் காட்டும். "190 வரைஞ்சு 60 காட்டினா, மிச்சம் 130 வீண்தானே?" என்றேன் நான். கணக்கு வாத்தியார் புத்தி.

அப்போதுதான் பையன் வாயைத் திறந்தான். "இல்ல டீச்சர். காட்டாத படமும் வீணில்ல" என்றான். அவன் சொன்னதை நான் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பையன் சொன்னது சரி. மானிட்டர் தன் முறை வரும்போது, கடைசியாக வரைந்து முடித்த படத்தை எடுத்துக் காட்டும். வினாடிக்கு 60 படம் வரைந்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்ததில் ஏறக்குறைய 17 பங்கு. 190 வரைந்தால் 5 பங்குதான். ஆகவே மானிட்டர் எடுக்கிற படம் அவ்வளவு புதியதாக இருக்கும். மூலையிலிருந்து எதிரி தலையை நீட்டுவது ஒரு கண நேரம் முன்னதாகத் தெரியும். துப்பாக்கி ஆட்டத்தில் அந்தக் கணம் சில சமயம் உயிர். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லை போடாமல் ஆடுவது இதற்காகத்தான். பிள்ளைகள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது என்று நான் எழுதாத வருடம் இல்லை. அன்றைக்கு எனக்கே அது மறந்துவிட்டது.

ஆனால் அவன் பார்க்கத் தவறிய விஷயங்களும் இருந்தன. முதலாவது, அந்த 190 நிலைத்து நிற்கவில்லை. யாருமில்லாத மூலையில் 190. நாலு பேர் சேர்ந்து புகைக்குண்டு போட்டுச் சுடும்போது 70. சண்டை நடக்கிற இடத்தில்தானே வேகம் வேண்டும்? அங்கேதான் விழுந்தது. அரை மணி நேரம் ஆடியபின் சூடேறியதும் இன்னும் கீழே போயிற்று. இந்த அட்டைகள் சூடு ஓர் அளவைத் தாண்டினால் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் பெட்டி அணைந்துவிடும். ஆக, அது கருகியதால் அணையவில்லை. கருகாமல் இருப்பதற்காகத்தான் அணைந்தது.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் சொன்னால் உடனே விளங்கும். பால் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போகிறோம். கிராணி ஒரு வாளியை நிறுத்து எழுதுவதற்குள் இரண்டு பேர் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? வரிசை நீளும். கடைசியில் வந்தவர் எவ்வளவு வேகமாக ஓடிவந்திருந்தாலும் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். கம்ப்யூட்டரிலும் அப்படியே. கிராபிக்ஸ் கார்டு மூச்சு விடாமல் முழு வேலையில் இருக்கும்போது, அடுத்தடுத்து வரைய வேண்டிய படங்கள் அதன் முன்னால் வரிசை கட்டி நிற்கும். பையன் மவுசை அழுத்திச் சுட்டது அந்த வரிசையில் நிற்கிற ஒரு படத்தில்தான் இருக்கிறது. அது திரைக்கு வருவதற்குள் தாமதமாகிவிடுகிறது. அட்டையால் முடிந்ததைவிடக் கொஞ்சம் குறைவாக எல்லை போட்டால், வரிசையே உண்டாகாது. எண் குறைந்தாலும் கை வேகம் கூடியது போல இருக்கும். 2020 செப்டம்பரில் என்விடியா நிறுவனம் ரிப்ளெக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அது செய்வதும் இந்த வரிசையைக் கட்டுப்படுத்துகிற வேலைதான். வலோரண்டில் அது இருக்கிறது. பையனின் பழைய அட்டைக்கும் அது வேலை செய்தது. ஆனால் அவன் அணைத்து வைத்திருந்தான். ஏனென்று கேட்டால் கூட்டாளி சொன்னானாம்.

கூட்டாளி சொன்னான் என்று எதையும் ஏற்றிக்கொள்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 2023-ல் ஏ.எம்.டி. நிறுவனம் தாமதத்தைக் குறைக்கிறேன் என்று ஆன்டி-லேக் பிளஸ் என்ற வசதியை வெளியிட்டது. அது ஆட்டத்தின் உள்ளே கைவைத்து வேலை செய்ததால், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆட்டத்தின் காவல் ஏற்பாடு, திருட்டு ஆட்டம் என்று எண்ணி ஆட்டக்காரர்களைத் தடை செய்துவிட்டது. ஏ.எம்.டி. அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரிய கம்பெனி கொடுத்த வசதிக்கே இந்த நிலைமை. ஊர் பேர் தெரியாத ஒருவன் இலவசமாகக் கொடுக்கிற 'பூஸ்டர்' எதையும் ஏற்றாதீர்கள். எல்லை போடுவதற்கு ஆட்டத்தின் உள்ளேயே இடம் இருக்கிறது.

எல்லை போடுவது பயந்தவன் வேலை என்று அந்தக் கூட்டாளி சொல்லியிருந்தானாம். இதற்குப் பதிலாக அண்ணன் மகன் ஒரு பழைய கதை சொன்னான். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1999-ல் வெளிவந்த குவேக் 3 என்ற துப்பாக்கி ஆட்டத்தில், கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே 125 படம் என்று எல்லை போட்டு வைத்துக்கொள்வார்களாம். அந்த ஆட்டம் ஒவ்வொரு படத்துக்கும் ஆளின் வேகத்தைக் கணக்கிட்டு, பின்னத்தை முழு எண்ணாக்கிவிடும். 125 படம் என்றால் ஒரு படத்துக்கு ஆயிரத்தில் சரியாக 8 பங்கு. அந்தக் கணக்கில் வருகிற மீதி ஆட்டக்காரனுக்குச் சாதகமாக விழுந்து, மற்றவர்களைவிடக் கொஞ்சம் உயரமாகக் குதிக்க முடிந்தது. மற்றவர் ஏற முடியாத திண்டில் ஏறி நின்றுகொள்வார்கள். பின்னத்தை முழு எண்ணாக்கும்போது மீதி எங்கே போகிறது என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் என்னைக் கேட்பதுண்டு. இனிமேல் சொல்ல எனக்கு ஒரு கதை இருக்கிறது. 2012-ல் வந்த கவுண்டர் ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவ் ஆட்டத்திலும் தயாரித்தவர்களே 300 என்று எல்லை போட்டுத்தான் வெளியிட்டார்கள்.

இதையெல்லாம் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் கத்தி தீட்டும் சத்தம் நின்றிருந்தது. தகப்பனார் வாசற்படியில் வந்து நின்றார். "டீச்சர், ஆள் சும்மா ஒக்காந்திருக்கிற பக்கத்துலதான் அது ரொம்ப ஓடுதுன்னா சொன்னீங்க?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். "அப்ப அதுக்கு கவர்னர் இல்ல" என்றார்.

தோட்டத்துக்கு வெளிக் கரண்டு வருவதற்கு முன்னால், இளம் வயதில் இவர் இன்ஜின் வீட்டில் கையாளாக இருந்தவராம். எனக்கே அன்றுதான் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு இன்ஜினைக் கிளப்பி, இரவு பத்து மணிக்கு அணைப்பது வேலை. லயத்தில் எல்லா விளக்கும் எரியும்போது இன்ஜினுக்குச் சுமை. ஒவ்வொரு வீடாக விளக்கை அணைத்துவிட்டால் சுமை போய்விடும். சுமை போனால் இன்ஜின் தறிகெட்டு ஓடப் பார்க்கும். அப்போது எண்ணெயைக் குறைத்து வேகத்தைப் பிடித்து நிறுத்துகிற உறுப்புதான் கவர்னர். "அது கெட்டுப் போச்சின்னா சத்தத்துலயே தெரியும். இந்தப் பொட்டியும் அப்படித்தான் கத்துச்சு. அதத்தான் நான் ஒரு மாசமா கேட்டேன்" என்றார். மகனைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

பையன் தலை குனிந்துகொண்டான். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் கோளாறை முதலில் கண்டுபிடித்தவர் அவர். கேட்ட விதத்தை வைத்து, ஒன்றும் தெரியாதவர் என்று மகனும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

இனி எல்லையை எங்கே போடுவது என்ற விஷயத்துக்கு வருவோம். வலோரண்டில் இதற்குத் தனித்தனியாக இடம் கொடுத்திருக்கிறார்கள். தொடக்கப் பக்கத்துக்கு ஒன்று, வேறு வேலை பார்க்கும்போது பின்னால் ஓடுவதற்கு ஒன்று, மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது ஒன்று, எப்போதும் என்று ஒன்று. முதல் மூன்றுக்கும் எல்லை போடுவதில் வாதமே கிடையாது. 30 அல்லது 60 போதும். அங்கே யாரும் யாரையும் சுடப் போவதில்லை.

ஆட்டத்தின் உள்ளே போடுவதுதான் யோசிக்க வேண்டியது. நான் அவனுக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். மூன்று நாள் எல்லை இல்லாமல், மூன்று நாள் 120 எல்லையோடு, மத்தியானச் சூட்டில் ஒரே நேரத்தில் ஆட வேண்டும். ஏறிய எண்ணை எழுத வேண்டாம், இறங்கிய எண்ணை எழுது, அட்டையின் சூட்டையும் எழுது என்றேன். தூசி தட்டிய பிறகும்கூட, எல்லை இல்லாத நாட்களில் 84 பாகை வரை சூடேறி, எண் 80-க்குக் கீழே இறங்கியிருந்தது. எல்லை போட்ட நாட்களில் சூடு 70-ஐ ஒட்டி நின்றது. எண் 105-க்குக் கீழே போகவில்லை. "கை ஒரே மாதிரி இருக்கு டீச்சர்" என்றான். பிறகு அவனாகவே 140 வரை ஏற்றிப் பார்த்து, அங்கே ஆட்டம் காண்கிறது என்று 130-ல் நிறுத்திக்கொண்டான்.

அவனுக்குச் சரியான எண் உங்கள் பிள்ளைக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இயந்திரம் மத்தியானச் சூட்டிலும் தாங்கி நிற்கிற எண் எதுவோ அதுதான் கணக்கு. மானிட்டர் 60 என்பதற்காக ஆட்டத்தையும் 60-ல் கட்டிவைக்க வேண்டாம். துப்பாக்கி ஆட்டத்தில் அது பிள்ளைக்கு நியாயமில்லை. படம் கிழிந்தது போலத் தெரிகிறது என்று வி-சிங்க் என்பதைப் போடுகிறவர்கள் உண்டு. அது மானிட்டருக்காகப் படத்தைக் காக்க வைக்கும். பார்க்க அழகாக இருக்கும், சுடத் தாமதமாகும். மானிட்டரே தன் வேகத்தை மாற்றிக்கொள்கிற பிரீசிங்க், ஜி-சிங்க் வகை வைத்திருக்கிற வசதிக்காரர்கள், அதன் எண்ணுக்குச் சற்றுக் கீழே, 144 என்றால் 140 போல, எல்லை போட்டால் நல்லது. புதிய பெட்டி, நல்ல விசிறி, குளிர்சாதன அறை, சூடும் ஏறவில்லை, எண்ணும் இறங்கவில்லை, ரிப்ளெக்ஸும் போட்டிருக்கிறது என்றால், ஆட்டத்துக்குள் எல்லை போடாமல் விட்டாலும் கெடுதல் இல்லை.

கரண்டு பில் குறையுமா என்று அந்த அம்மாள் கேட்டார். எல்லை போட்டதால் 50 வாட் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு மேசை விசிறி இழுக்கிற கரண்டு. நாளைக்கு 4 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 6 யூனிட். மூன்று வெள்ளிக்கும் குறைவுதான். பில்லுக்காக இதைச் செய்யச் சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். பெட்டியின் ஆயுசுக்காகவும் வீட்டின் சூட்டுக்காகவும் செய்யலாம். அந்தச் சின்ன அறையில் இரவு அவனுடைய பாட்டியும் படுக்கிறார்.

இன்னொன்று. 60 படத்திலிருந்து 120-க்குப் போனால் ஆயிரத்தில் 8 பங்கு மிச்சம். 120-லிருந்து 240-க்குப் போனால் 4 பங்குதான் மிச்சம். ஏற ஏற லாபம் சுருங்கும். ஆனால் தோட்டத்து வீடுகளில் கைத்தொலைபேசியிலிருந்து இணையம் எடுத்து ஆடுகிறார்களே, அதில் ஆட்டம் நடக்கிற இடத்துக்குப் போய்த் திரும்புகிற நேரம் 40 பங்கு என்று இருக்கும், திடீரென்று 100-ஐத் தாண்டும். 4 பங்குக்காகப் பெட்டியைக் காய்ச்சுகிற பிள்ளை, கைத்தொலைபேசியை எடுத்து ஜன்னல் ஓரமாக வைத்துப் பார்த்தால் அதைவிட அதிகமாக மிச்சம் பிடிக்கலாம்.

கம்ப்யூட்டர் விற்கப்படவில்லை. பையன் மறுநாளே சாப்பிட்டுவிட்டான். அப்பாவோடு பேசுவதற்கு இன்னும் நான்கு நாள் ஆயிற்று. போன வாரம் அந்த வீட்டைக் கடந்து போகும்போது பார்த்தேன். தகப்பனார் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையைப் பார்க்காமல், தலையைச் சாய்த்துப் பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பரீட்சை வருடம் வருகிறது, எத்தனை மணி நேரம் ஆடுவது என்ற வழக்கு இன்னும் பாக்கி. அதற்கு எந்த ஆட்டத்திலும் பொத்தான் இல்லை. அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேச வேண்டியது அது.

பேராவிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மகன் கைத்தொலைபேசியில் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறான், போன் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகிறது என்கிறார். 2017-ல் வந்த ஆட்டம் அது, சிங்கப்பூர் கரீனா நிறுவனம் வெளியிட்டது. அம்மா, கைத்தொலைபேசியில் விசிறி கிடையாது. சூடு வெளியேற அதன் முதுகுதான் வழி. ஆட்டத்தின் அமைப்புப் பக்கத்தில் அதிக எப்.பி.எஸ். என்று ஒன்று இருக்கும். அதைச் சாதாரணம் என்ற நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். தொடர்ந்து சூடாகிக்கொண்டிருக்கிற போன் கொஞ்ச நேரத்தில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகையால் பையன் நினைக்கிற அளவுக்கு அவனுக்கு நஷ்டமில்லை. சார்ஜ் போட்டுக்கொண்டே ஆட வேண்டாம். ஆடும்போது தடித்த உறையைக் கழற்றிவிடுங்கள், தலையணை மேல் வைக்காதீர்கள். போனின் பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று மேசைமேல் மல்லாக்க வைத்துப் பாருங்கள். ஆடாமல் சமமாகப் படிந்தால் சரி. உப்பித் தெரிந்தால் சார்ஜ் போடாமல் அன்றைக்கே கடையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக அழுத்தியோ குத்தியோ பார்க்க வேண்டாம்.

இருமலைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.